ஸ்பேனருக்கு எட்டாத வண்டி

2020 ஏப்ரல் 1 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு. ஷோரூம்கள் பூட்டிக் கிடந்தன. மெக்கானிக் ஷாப்புகளின் ஷட்டர்கள் இறங்கியிருந்தன. அன்றுதான் பிஎஸ்-6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தன. 2020 மார்ச் 31க்குப் பிறகு பிஎஸ்-4 வண்டிகளை விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரிலேயே சொல்லியிருந்தது. விதி புகையைப் பற்றியது. ஆனால் புகையோடு சேர்ந்து, இந்தியாவில் புதிதாக விற்கும் பைக்குகளில் பெரும்பாலானவற்றிலிருந்து கார்புரேட்டரும் போனது. வழியில் வண்டி நின்றால் சொந்தக்காரரே இறங்கிச் சரிசெய்துகொள்ளும் பழக்கத்தில் பெரும்பகுதி, அந்தக் கைப்பிடி அளவு அலுமினியக் கருவியைச் சுற்றித்தான் வளர்ந்திருந்தது.

1980இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50, 1994இல் வந்த ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிகளை வைத்திருந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மழைக்காலத்தில் பெட்ரோலில் தண்ணீர் கலந்துவிட்டால் வண்டி முக்கி முக்கி நிற்கும். டேப்பை மூடிவிட்டு, கார்புரேட்டரின் அடியிலுள்ள வடிகால் ஸ்க்ரூவைத் திருப்பினால் கிண்ணத்தில் தேங்கியது வடியும். உள்ளங்கையில் பிடித்தால் பெட்ரோலுக்கு அடியில் தண்ணீர் தனியாக உருளுவது கண்ணுக்கே தெரியும். அப்படியும் ஓடாவிட்டால் கிண்ணத்தைக் கழற்றி, மெயின் ஜெட்டைத் திருப்புளியால் எடுத்து, வாயால் ஊதி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். ஊசி முனை அளவு ஓட்டையில் ஒளி தெரிந்தால் அடைப்பு போய்விட்டது என்று பொருள். அடுத்தது ஸ்பார்க் பிளக். கரி படிந்து கருத்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, வெளுத்திருந்தால் காற்று அதிகம், செங்கல் நிறமாக இருந்தால் எல்லாம் சரி. எமரி பேப்பரால் தேய்த்து மாட்டி, உதைத்தால் வண்டி பிடித்துக்கொள்ளும். இத்தனைக்கும் தேவையான சாமான், பக்கவாட்டு மூடிக்குள் கம்பெனியே வைத்துக் கொடுத்த டூல் கிட்டில் இருந்தது.

இன்றைய பைக்கில் பெட்ரோல் தானாக இறங்குவதில்லை. டேங்குக்குள் மூழ்கியிருக்கும் மின்சார பம்ப், அதைச் சுமார் 3 பார் அழுத்தத்தில் இன்ஜெக்டருக்குத் தள்ளுகிறது. எவ்வளவு தெளிக்க வேண்டும் என்பதை ஈசியு என்கிற சிறு கணினி முடிவு செய்கிறது. ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது, இன்ஜின் எவ்வளவு சூடாக இருக்கிறது, கிராங்க் எந்த இடத்தில் சுற்றுகிறது, சைலன்சர் வழியாகப் போகும் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சியிருக்கிறது என்று சென்சார்கள் விடாமல் அதற்குத் தகவல் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. கிராமத்தில் மூட்டை ஏற்றும் டிவிஎஸ் எக்ஸ்எல் 100க்குள்ளும் இப்போது இதே ஏற்பாடுதான். நல்ல பலன் உண்டு. குளிர்காலக் காலையில் சோக் இழுக்க வேண்டியதில்லை, மலைமேல் ஏறினாலும் கலவை கெடுவதில்லை. ஆனால் பேட்டரி முழுவதும் இறங்கிவிட்டால் பம்ப் ஓடாது. பம்ப் ஓடாத வண்டியை நாலு பேர் சேர்ந்து தள்ளினாலும் கிளப்ப முடியாது.

அப்படியானால் சொந்தக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதானா? அப்படியும் இல்லை. மீட்டரில் எரியும் மஞ்சள் இன்ஜின் விளக்கு வெறும் எச்சரிக்கை அல்ல, பல வண்டிகளில் அது கோளாறின் எண்ணையே சொல்லும். ஹோண்டாவின் பல மாடல்களில் நீண்ட மினுக்கல் பத்து, குறுகிய மினுக்கல் ஒன்று. ஒரு நீளம், இரண்டு குறுகல் என்றால் 12: இன்ஜெக்டரின் மின்சுற்றில் பிரச்சினை. எட்டு குறுகல் என்றால் ஆக்சிலேட்டர் சென்சார். இரண்டு நீளம், ஒரு குறுகல் என்றால் ஆக்சிஜன் சென்சார். எண் கிடைத்ததும் சென்சாரை மாற்ற ஓட வேண்டியதில்லை. பல நேரங்களில் தண்ணீர் புகுந்து கனெக்டரின் பின்களில் பச்சை பூத்திருக்கும். கழற்றித் துடைத்துச் செருகினால் விளக்கு அணைந்துவிடும். இதைச் செய்ய ஸ்கேனர் வேண்டாம், பட்டப்படிப்பும் வேண்டாம். எண்களின் பட்டியல் மட்டும் வேண்டும். அந்தப் பட்டியல் வண்டியோடு தரும் கையேட்டில் இருப்பதில்லை, கம்பெனியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கிறது. இந்தக் கட்டுரையின் கவலை முழுவதும் அந்த இடைவெளியைப் பற்றியதுதான். புதிய வண்டிகளைக் கையால் சரிசெய்வது கடினமாகிவிட்டது என்று பொதுவாகச் சொல்கிறோம். அதில் எவ்வளவு தொழில்நுட்பத்தின் தேவையால் வந்தது, எவ்வளவு யாரோ எடுத்த முடிவால் வந்தது என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

தேவையால் வந்ததை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். எளிய இயந்திரத்தின் வலிமையையும் அதன் விலையையும் ஒருசேரக் கண்டவர்கள் யாழ்ப்பாணத்தார். 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் அங்கே பெட்ரோல் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆஸ்டின், மொரிஸ் மைனர் போன்ற பழைய பிரித்தானியக் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கார்புரேட்டருக்குள் சில துளி பெட்ரோல் விட்டு இன்ஜினைக் கிளப்புவது, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவது. பெட்ரோலைச் சிக்கனமாகச் சொட்டவிட மருந்துப் போத்தல்களும் குழாய்களும் உதவின. நோயாளிகளும் கர்ப்பிணிகளும் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தது இப்படி ஓடிய வண்டிகளில்தான். கணினியும் ஆக்சிஜன் சென்சாரும் உள்ள இன்றைய இன்ஜின் அந்தச் சோதனையைத் தாங்கியிருக்காது. அதே சமயம், அந்தத் தெருக்களில் கண்ணை எரிக்கும் புகை நின்றதையும் அந்தத் தலைமுறை மறக்கவில்லை. எதைக் கொடுத்தாலும் எரிக்கும் இன்ஜின், எரிக்காமல் விட்டதையெல்லாம் மூச்சுக்காற்றில்தான் கொட்டும்.

பிஎஸ்-6 தடுக்க முயன்றது அதைத்தான். எரிபொருளில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. டீசல் காரின் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு பிஎஸ்-4ஐவிட 68 சதவீதமும், நுண்துகள் வரம்பு 82 சதவீதமும் இறங்கின. திருப்புளியைக் கால் திருப்பு திருப்பி, காதால் கேட்டு 'ஐட்லிங்' வைக்கும் முறையால் இந்த அளவை எட்ட முடியாது. நொடிக்கு எத்தனையோ முறை கலவையைத் திருத்திக்கொண்டே இருக்கும் கணினியால்தான் முடியும். பிரேக்கும் அப்படித்தான். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட எல்லா பைக்குகளுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். சில வண்டிகளில் ஏபிஎஸ் பம்புக்குள் சிக்கிய காற்றை வெளியேற்ற ஸ்கேனர் வேண்டியிருக்கிறது. இதைக் குறை சொல்ல முடியாது. ஈரச் சாலையில் சக்கரம் பூட்டிக்கொண்டு விழாமல் இருப்பது, வீட்டில் பிரேக் ஆயில் மாற்றும் வசதியைவிடப் பெரிது.

காரிலும் இந்தக் கதை புகையில்தான் தொடங்குகிறது. 1960களின் கடைசியில் ஃபோக்ஸ்வேகன் 1600 காரில் போஷ் நிறுவனத்தின் மின்னணு இன்ஜெக்ஷன் வந்தபோது, அமெரிக்காவின் மாசு விதிகளுக்குத் தயாராவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. பிறகு, புகைமூட்டத்தில் தவித்த கலிஃபோர்னியா ஒரு யோசனையைச் சட்டமாக்கியது: மாசுக் கட்டுப்பாட்டுக் கருவி பழுதானால் வண்டியே அதைச் சொல்ல வேண்டும். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஓபிடி. 1996 முதல் அமெரிக்காவில் விற்ற ஒவ்வொரு காரிலும் ஒரே அளவுள்ள 16 பின் சாக்கெட், ஒரே மாதிரியான கோளாறு எண்கள். எந்தக் கம்பெனியின் காரையும் எந்த மெக்கானிக்கும் படிக்கலாம். ஆரம்பத்தில் மின்னணுவியல் கதவைச் சாத்தவில்லை, திறந்தது. இன்றைக்குச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் ஸ்கேனரை ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகி, செல்போனில் பார்த்தால் பி0171 என்று வரும். கலவையில் காற்று மிஞ்சுகிறது என்பது அதன் பொருள். எங்கேயோ ஒரு ரப்பர் குழாய் விரிசல் விட்டிருக்கலாம். சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும். அனுபவமுள்ள காதுக்குக்கூட எட்டாத தகவல் இது. இந்தியாவில் இரு சக்கர வண்டிகளுக்கும் ஓபிடி விதி படிப்படியாக வந்து, 2025 ஏப்ரலில் அதன் அடுத்த கட்டத்தை எட்டியிருக்கிறது.

ஆனால் அந்தச் சாக்கெட் கட்டாயமாகத் திறந்து வைப்பது மாசு சம்பந்தப்பட்ட எண்களை மட்டும்தான். ஏர்பேக், ஏபிஎஸ், ஸ்டீயரிங், ஏசி, கதவுப் பூட்டு ஆகியவற்றின் கணினிகள் தங்கள் கம்பெனியின் மொழியில் பேசுகின்றன. போஷ் 1986இல் அறிமுகப்படுத்திய கேன் என்ற தகவல் வலையில் இவை எல்லாம் ஒன்றோடொன்று கட்டுண்டிருக்கின்றன. முன்பு தனித்தனி ஒயர்களில் ஓடிய விளக்கும் ஹாரனும் வைப்பரும் இப்போது ஒரே இணை ஒயரில் செய்தி அனுப்பிக்கொள்கின்றன. டெஸ்ட் லாம்பை ஒயரில் குத்திக் கரண்ட் வருகிறதா என்று பார்த்த பழைய எலெக்ட்ரீஷியனுக்கு இந்த வலையில் கரண்ட் தெரியும், செய்தி தெரியாது.

இடநெருக்கடி தனிக் கதை. அம்பாசடரின் பானட்டைத் தூக்கினால் இன்ஜினைச் சுற்றி ஆள் இறங்கி நிற்கலாம்போல் இருக்கும். இன்றைய சிறிய காரில் குறுக்காக வைத்த இன்ஜின், கியர்பாக்ஸ், ஏசி கம்ப்ரசர், பேட்டரி, கணினி எல்லாம் விரல் நுழையாமல் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஹெட்லைட் பல்பு மாற்ற சக்கரத்தின் உள்மூடியைக் கழற்ற வேண்டிய கார்கள் உண்டு, முன் பம்பரையே இறக்க வேண்டிய கார்களும் உண்டு. விளக்குகளைப் பொருத்துவது பற்றிய ஐ.நா.வின் 48ஆம் விதி இதை முன்பே யோசித்திருந்தது. வண்டியோடு தரும் கருவிகள் தவிர வேறு தனிக் கருவி இல்லாமல் பல்பை மாற்ற முடிய வேண்டும் என்று அது சொல்கிறது. எல்இடிக்கு அந்த விதியிலிருந்து விலக்கு. எல்இடி நீண்ட காலம் எரியும், உண்மைதான். போனால் பல கார்களில் முழு விளக்குத் தொகுதியையும் வாங்க வேண்டும்.

நடுவில் நிற்கும் சில வேலைகளை வைத்துப் பார்த்தால் பிரச்சினையின் நுட்பம் புரியும். பின் பிரேக் பேடு மாற்றுவது ஒரு காலத்தில் அரை மணி நேர வேலை. இப்போது பல கார்களில் ஹேண்ட் பிரேக் லீவரே இல்லை, பொத்தான்தான். பின் சக்கரத்து பிரேக் கேலிப்பரில் ஒரு மோட்டார் உட்கார்ந்திருக்கிறது. பேடு மாற்றும் முன் அந்த மோட்டாரைப் பின்னுக்கு இழுத்துவைக்க வேண்டும். தெரியாமல் சி-கிளாம்ப் போட்டு அழுத்தினால் உள்ளே பல்சக்கரம் உடைந்துபோகும். இழுத்துவைப்பதற்குச் சில கார்களில் பிரேக்கை மிதித்துக்கொண்டு பொத்தானை ஒரு குறிப்பிட்ட வரிசையில் அழுத்தினால் போதும். வேறு சில கார்களில் கம்பெனி ஸ்கேனர் இல்லாமல் நடக்காது. இரண்டிலும் மோட்டார் ஒன்றுதான், வேலையும் ஒன்றுதான். வீட்டில் செய்ய முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானித்தது இயந்திரம் அல்ல. வடிவமைப்பு அறையில் ஒருவர் எடுத்த முடிவு.

பேட்டரியும் அப்படியே. பிஎம்டபிள்யூ போன்ற சில கார்களில் புதிய பேட்டரி வைத்தால் அதை வண்டியின் கணினியில் பதிய வேண்டும். பழசானதற்கு ஏற்றபடி சார்ஜ் செய்யும் முறையை வண்டி மாற்றிக்கொண்டே வருவதால், புதியது வந்தது என்று அதற்குத் தெரிய வேண்டும். காரணம் நியாயமானது. ஆனால் 'பேட்டரி மாற்றியாகிவிட்டது' என்று சொல்லும் ஒரு வசதியை டேஷ்போர்டு திரையிலேயே வைத்திருக்கலாம். மசாஜ் செய்யும் சீட்டுக்கும் பல நிற உள்விளக்குக்கும் இடம் கொடுக்கும் திரை அது.

முடிவு எடுத்துப் போட்ட பூட்டுகளுக்கு வருவோம். 2015 ஜூலையில் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இரண்டு பாதுகாப்பு ஆய்வாளர்கள், நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜீப் செரோக்கியை இணையம் வழியாகத் தூரத்திலிருந்து கட்டுப்படுத்திக் காட்டினார்கள். கம்பெனி 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அதன் பிறகு ஃபியட் கிரைஸ்லர், 2018 மாடல்களிலிருந்து ஓபிடி சாக்கெட்டுக்கும் வண்டியின் உள்வலைக்கும் நடுவே ஒரு காவல் கணினியை வைத்தது. கம்பெனியில் பதிவு செய்து, இணைய இணைப்போடு வந்தால்தான் அது முழுதாகத் திறக்கும். ஐரோப்பாவில் ஏடியூ, கார்கிளாஸ் என்ற இரண்டு பழுதுபார்ப்பு நிறுவனங்கள் வழக்குப் போட்டன. சட்டத்தில் சொல்லாத இப்படிப்பட்ட நிபந்தனைகளைச் சுதந்திரப் பட்டறைகள்மேல் சுமத்த முடியாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்தது. இணையத் தாக்குதல் பயம் பொய்யல்ல. ஆனால் ஜீப்புக்குள் அந்த ஆய்வாளர்கள் நுழைந்தது செல்போன் இணைப்பு வழியாக. சாவியோடு வந்து, கதவைத் திறந்து, ஸ்டீயரிங்குக்கு அடியில் குனிந்து ஸ்கேனர் செருகும் மெக்கானிக்கை அந்தத் தாக்குதலோடு சேர்த்து எண்ணுவது சரியாகாது.

பூட்டின் இன்னொரு வடிவத்தைச் சென்னை புதுப்பேட்டையில் பார்க்கலாம். பிரித்த கார்களின் கதவு, கியர்பாக்ஸ், டைனமோ, கண்ணாடி என்று எதைக் கேட்டாலும் எடுத்துத் தரும் சந்தை அது. புதிய பொருள் வாங்க வசதியில்லாதவர்களின் கார்களைப் பல பத்தாண்டுகளாக ஓடவைத்தது. இன்று அங்கே நல்ல நிலையிலுள்ள ஈசியு ஒன்றை வாங்கி அதே மாடல் காரில் மாட்டினால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. ஈசியுவும் சாவியிலுள்ள சிப்பும் இம்மொபிலைசரும் ஒன்றையொன்று அடையாளம் தெரிந்துவைத்திருக்கின்றன. புதியவரை அவை சேர்ப்பதில்லை. அதனால் ஈசியு, இம்மொபிலைசர், சாவி மூன்றையும் ஒரே காரிலிருந்து செட்டாகக் கழற்றி மாற்றும் வழியை மெக்கானிக்குகள் கண்டுபிடித்துக்கொண்டார்கள். கார் திருட்டைத் தடுக்க இம்மொபிலைசர் அவசியம், சந்தேகமில்லை. ஆனால் இதே வகையான அடையாளப் பூட்டு, ஆடியோ, ஹெட்லைட் போன்ற பாகங்களுக்கும் பரவியிருக்கிறது. சட்டப்படி வாங்கிய பழைய பாகத்தைத் தன் வண்டியில் சேர்த்துக்கொள்ளச் சொந்தக்காரருக்கு ஒரு நேர்வழி வேண்டும். இப்போது இருப்பது கம்பெனியின் கவுன்டர் மட்டும்.

மூடிய மென்பொருள் பொதுமக்களுக்கு எவ்வளவு ஆபத்து என்பதற்கு 2015ஐவிடப் பெரிய சாட்சி வேண்டாம். வண்டியின் மென்பொருளைச் சொந்தக்காரர்கள் பழுதுபார்க்கவும் ஆராயவும் பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்குத் தர வேண்டும் என்ற கோரிக்கை அந்த ஆண்டு அமெரிக்காவில் பரிசீலனையில் இருந்தது. மென்பொருளைத் தொடவிட்டால் மக்கள் மாசுக் கட்டுப்பாட்டைக் கெடுத்துவிடுவார்கள் என்று அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே ஜூலையில் எதிர்ப்புத் தெரிவித்தது. செப்டம்பரில், ஃபோக்ஸ்வேகன் தன் டீசல் கார்களின் மென்பொருளில் சோதனையைக் கண்டுகொண்டு ஏமாற்றும் நிரலை வைத்திருந்தது வெளிவந்தது. உலகம் முழுவதும் சுமார் 1.1 கோடி கார்கள். இந்தியாவிலும் 3 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. பூட்டிய பெட்டிக்குள் மாசுக் கட்டுப்பாட்டைக் கெடுத்துக்கொண்டிருந்தது கம்பெனியேதான். அதைப் பிடித்தவர்கள் மேற்கு வெர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சாலையில் காரை ஓட்டிப் புகையை அளந்து பார்த்தவர்கள். அக்டோபரில் அந்த விலக்கு கிடைத்தது.

இதில் சட்டம் வகுப்பதில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் முன்னே போனது. அதிகாரபூர்வ டீலருக்குத் தரும் பழுதுபார்ப்புத் தகவலையும் கருவியையும் நியாயமான விலைக்கு மற்றவர்களுக்கும் தர வேண்டும் என்ற சட்டம் அங்கே 2012இல் வந்தது. கார் கம்பெனிகள் பிறகு அதையே நாடு முழுவதற்குமான ஒப்பந்தமாக ஏற்றுக்கொண்டன. அதற்குள் தகவல் சாக்கெட்டிலிருந்து இடம் பெயர்ந்துவிட்டது. வண்டி தன் கோளாறுகளை இணையம் வழியாக நேரே கம்பெனிக்கு அனுப்பத் தொடங்கியது. அந்தத் தகவலும் சொந்தக்காரருக்கு உரியதே என்று 2020இல் மாசசூசெட்ஸ் மக்கள் 75 சதவீத வாக்குகளால் முடிவு செய்தார்கள். கார் கம்பெனிகளின் சங்கம் வழக்குக்குப் போனது. சுபாரு, கியா இரண்டும் அந்த மாநிலத்தில் விற்ற புதிய கார்களில் இணைய இணைப்பு வசதியையே நிறுத்திவைத்தன. ஆஸ்திரேலியா இதைத் தேசியச் சட்டமாகவே செய்தது. 2022 ஜூலை 1 முதல் அங்கே டீலர்களுக்குக் கிடைக்கும் பழுதுபார்ப்புத் தகவல் எல்லாப் பட்டறைகளுக்கும் நியாயமான சந்தை விலையில் கிடைக்க வேண்டும்.

உழவர்கள் நிலைமை இன்னும் அவசரமானது. அறுவடை நேரத்தில் ஒரு சென்சார் கோளாறால் நின்றுபோன ஜான் டியர் இயந்திரத்தை, பாகத்தை மாற்றிய பிறகும் கம்பெனி மென்பொருள் இல்லாமல் ஓட்ட முடியாமல் தவித்த அமெரிக்க விவசாயிகளின் போராட்டத்தால், 2023இல் கொலராடோ மாநிலம் விவசாயக் கருவிகளுக்கென்று தனிப் பழுதுபார்ப்பு உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையமும் ஜான் டியர்மீது வழக்குத் தொடுத்தது. இந்தியாவில் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குப் புதிய மாசு விதி 2023 ஜனவரியில்தான் வந்தது. தஞ்சாவூரில் ஓடும் டிராக்டர்களில் பெரும்பகுதி இன்னும் உள்ளூர்ப் பட்டறைக்கு அடங்கியவை. இங்கே முன்கூட்டியே விதி செய்ய அவகாசம் இருக்கிறது.

இந்தியாவும் இந்தக் கேள்வியை முன்பே சந்தித்தது. உதிரிபாகங்களும் கண்டறியும் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைப்பதில்லை என்று ஷம்ஷேர் கடாரியா என்பவர் இந்தியப் போட்டி ஆணையத்திடம் முறையிட்டார். முதலில் மூன்று கம்பெனிகள்மேல் தொடங்கிய விசாரணை, 17 கம்பெனிகளுக்கு விரிந்தது. 2014 ஆகஸ்டில் ஆணையம் அவற்றில் 14 கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. சென்னைக்கு அருகே ஆலை வைத்திருக்கும் ஹூண்டாய்க்கு 2015 ஜூலையில் தனியாக 420 கோடி. அபராதத்தைவிட முக்கியமானவை ஆணையத்தின் கட்டளைகள். உதிரிபாகமும் சர்வீஸ் புத்தகமும் கண்டறியும் கருவியும் பொதுச் சந்தையில் கிடைக்க வேண்டும். வெளியே வேலை பார்த்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ரத்துசெய்யும் பொது நிபந்தனை கூடாது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்கும் நீதிமன்றங்களுக்கும் போயின. ஆண்டுகள் ஓடின. வெளியே கைவைத்தால் வாரண்டி போய்விடும் என்ற பயம் இன்றும் வண்டி வைத்திருப்பவர்களிடம் அப்படியே இருக்கிறது.

2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கான விதிமுறைகளை உருவாக்க ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், செல்போன்கள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகள் அதன் வரம்பில் வந்தன. அந்த ஆண்டு டிசம்பர் 24இல் அதற்கான இணையதளமும் தொடங்கப்பட்டது. கம்பெனிகள் தாங்களாக முன்வந்து தகவல் தரும் ஏற்பாடு அது. கட்டாயப்படுத்தும் தனிச் சட்டமாக அது மாறவில்லை. தானாக முன்வருவதை நம்பினால் கஸ்டமர் கேர் எண் கிடைக்கும், ஒயரிங் வரைபடம் கிடைக்காது.

இதன் பாரம் யார்மேல் விழுகிறது என்று பார்த்தால், பொழுதுபோக்காக ஞாயிற்றுக்கிழமை கேரேஜில் கழற்றிப் பூட்டுகிறவர்கள்மேல் அல்ல. தமிழ்நாட்டில் வீட்டு வாசலில் வண்டி பார்த்துக்கொள்வதும் தெருமுனை மெக்கானிக்கிடம் கொடுப்பதும் வேறுவேறு உலகங்களாக இருந்ததில்லை. பிளக்கைச் சொந்தக்காரர் துடைப்பார், கிளட்ச் பிளேட்டை மெக்கானிக் மாற்றுவார், செயின் ஸ்ப்ராக்கெட்டை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து மாற்றுவார்கள். ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றார்கள். பள்ளிக்கூடத்தைத் தாண்டாதவர்கள்கூட இந்தப் பட்டறைகளில் கைத்தொழில் பழகித் தனிக் கடை போட்டார்கள். வாடகை கட்டித் தாக்குப்பிடிக்கும் ஒரு சிறு கடைக்காரர் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ஸ்கேனர், ஆண்டுச் சந்தா, அப்டேட் என்று வாங்கிக்கொண்டிருக்க முடியாது. திருவாடானையிலோ கல்வராயன் மலையிலோ இருப்பவர், மீட்டரில் எரியும் ஒரு விளக்குக்காக அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டர் உள்ள ஊருக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போக வேண்டும். ஒயர் கனெக்டரைத் துடைத்தால் தீரும் கோளாறாக அது இருந்துவிட்டால் அந்தக் கூலி வீணானதுதான்.

கையில் மிஞ்சியிருப்பதும் குறைவல்ல. செயினைக் கழுவி எண்ணெய் விடுவது, ஏர் ஃபில்டர் மாற்றுவது, பேட்டரி டெர்மினலில் பூத்த வெள்ளையைச் சுரண்டி வாசலின் தடவுவது, இன்ஜின் ஆயில் மாற்றுவது, ஃப்யூஸ் போடுவது எல்லாம் பெரும்பாலான பைக்குகளில் இன்றும் வீட்டிலேயே ஆகிற வேலைகள். டியூப்லெஸ் டயர் பஞ்சரானால் முன்பைவிட எளிது. சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம், ஆணியைப் பிடுங்கி, ரப்பர் திரியைத் திணித்து, காற்றடித்தால் போதும். இன்ஜெக்ஷன் வண்டிக்குச் செய்யும் பெரிய உபகாரம் பேட்டரியை நல்ல நிலையில் வைத்திருப்பதும், டேங்கை அடிவரை வற்றவிடாமல் இருப்பதும்தான். பம்ப் பெட்ரோலில் மூழ்கித்தான் குளிர்கிறது.

அடுத்த அலை இப்போதே வந்துவிட்டது. மின் ஸ்கூட்டர்களில் ஏத்தர் ஓசூரிலும் ஓலா கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் தயாராகின்றன. பிளக், ஆயில், கார்புரேட்டர், சைலன்சர் எதுவும் அவற்றில் இல்லை. கெட்டுப்போகக்கூடிய பாகங்களே குறைவு. மிச்சமிருப்பது மோட்டார், கன்ட்ரோலர், பேட்டரி, மென்பொருள். 2022இல் நாட்டில் பல இடங்களில் மின் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்து உயிர்கள் போனபின், பேட்டரிக்கான ஏஐஎஸ்-156 பாதுகாப்பு விதிகள் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாகக் கடுமையாயின. பேட்டரிப் பெட்டியை யார் வேண்டுமானாலும் திறக்கும் நிலை கூடாது என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் நூற்றுக்கணக்கான செல்களில் நாலைந்து மட்டும் பலவீனமாகிவிட்ட பெட்டியைப் பயிற்சி பெற்ற வெளிப் பட்டறை திறந்து மாற்றலாமா, மாற்றினால் அந்தப் பேட்டரியை ஸ்கூட்டரின் மென்பொருள் ஏற்றுக்கொள்ளுமா, அதற்கான சான்றிதழை எந்த ஐடிஐ தரும் என்பதற்கெல்லாம் விதி எதுவும் எழுதப்படவில்லை. 3 ஆண்டு வாரண்டியோடு விற்ற முதல் ஸ்கூட்டர்கள் அந்தக் கெடுவைத் தாண்டிவிட்டன. சார்ஜ் நிற்காத வண்டியோடு சொந்தக்காரர்கள் தெருமுனைக் கடைகளுக்கு வரத் தொடங்கியிருக்கிறார்கள். இந்த விதிகளை எழுத வேண்டிய நேரம், அவர்களில் பலர் புதிய பேட்டரிக்குப் பணம் கட்டும் முன்பே வந்துவிட்டது.